ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல ஆர்பிடபிள்யூ, ஸ்வீப் டைம் எல்லாம் எப்படி செட் பண்றது

எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு பலமா சிக்னல் இருக்குன்னு படமா காட்டற ஸ்பெக்ட்ரம் அனலைசர் கையில கிடைச்சதும் நிறைய பேரு சென்டர் ஃப்ரீக்வென்சியும் ஸ்பானும் (ஸ்க்ரீன்ல காட்டற ஃப்ரீக்வென்சி அகலம்) போட்டுட்டு, ஸ்க்ரீன்ல என்ன வருதோ அதை அப்படியே நம்பிடறாங்க. உள்ள ஓடற ஃபில்டர் எவ்வளவு அகலம்னு தெரியாம அந்தப் படத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. சேலத்துல காலேஜ் லேப்ல ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கும், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்துட்டு ஏற்காட்டுக்கு ஆன்டெனா தூக்கிட்டுப் போறவங்களுக்கும்தான் இது. லேப்ல இருக்கற பெரிய மெஷின்னாலும் சரி, டைனிஎஸ்ஏ மாதிரி கையடக்க மெஷின்னாலும் சரி, விஷயம் ஒண்ணுதான்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி இன்புட்டைக் காப்பாத்துங்க. 5 வாட் ஹேண்டின்னா (கையில பிடிச்சுப் பேசற ரேடியோ) 37 டிபிஎம் (1 மில்லிவாட்டை விட எத்தனை டெசிபெல் அதிகம்ங்கற கணக்கு), லேப் மெஷின் பலதுல லிமிட்டே 30 டிபிஎம், அதாவது 1 வாட்தான். நடுவுல 40 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னல் பலத்தைக் குறைக்கறது) போட்டீங்கன்னா மைனஸ் 3 டிபிஎம் ஆயிடும். ஆனா அந்த அட்டெனுவேட்டரும் 5 வாட்டைத் தாங்கணும், 2 வாட் குட்டி ஒண்ணை ஹேண்டியில நேரா மாட்டி பிடிடி பட்டனை (பேசறதுக்கு அமுக்கறது) அமுக்கினா அதுதான் முதல்ல போகும். கனெக்டர் பக்கத்துல அச்சடிச்சிருக்கறதைப் படிங்க, டிசி லிமிட்டும் அங்கயே போட்டிருக்கும்.

இப்போ ஆர்பிடபிள்யூ, அதாவது ரெசல்யூஷன் பேண்ட்விட்த், முதல்ல சொன்ன அந்த உள் ஃபில்டரோட அகலம். பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு சிக்னலைப் பிரிச்சுக் காட்டறது இந்த ஃபில்டர்தான். 12.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ரெண்டு சேனல்ல ஒரே பலத்துல ரெண்டு கேரியர் (பேச்சு ஏத்தாத வெறும் சிக்னல்) இருந்தா 10 கிலோஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூல ஏதோ ரெண்டு மேடாவது தெரியும். ஒண்ணு இன்னொண்ணை விட 50 டிபி கம்மியா இருந்தா? காணவே காணாது, ஏன்னா ஃபில்டரோட அகலம்னு நாம சொல்றது 3 டிபி கீழ இருக்கற அகலம், 60 டிபி கீழ போனா டிஜிட்டல் ஃபில்டரே நாலஞ்சு மடங்கு விரிஞ்சிருக்கும், பழைய அனலாக் மெஷின்ல இன்னும் மோசம். 10 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரோட பாவாடை ரெண்டு பக்கமும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல விரிஞ்சா சின்ன சிக்னல் அதுக்கடியில ஒளிஞ்சுக்கும். 1 கிலோஹெர்ட்ஸ் வைங்க, வெளிய வந்துடும் (மெஷினோட ஃபேஸ் நாய்ஸ், அதாவது அதோட சொந்த ஆசிலேட்டரோட நடுக்கம், கம்மியா இருந்தா, விலை கம்மியான மெஷின்ல அது ஒரு தனித் தலைவலி).

இன்னொரு லாபம், ஆர்பிடபிள்யூவை பத்துல ஒண்ணா குறைச்சா நாய்ஸ் ஃப்ளோர் (சிக்னல் இல்லாதப்பவும் அடியில தெரியற இரைச்சல் கோடு) 10 டிபி இறங்கும். அதனாலதான் யாராவது என் மெஷின்ல நாய்ஸ் ஃப்ளோர் மைனஸ் 110 டிபிஎம்னு சொன்னா எந்த ஆர்பிடபிள்யூலன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

சரி, அப்போ எப்பவும் சின்னதாவே வெச்சுக்கலாமேன்னா நேரம் இடிக்கும். ஸ்வீப் பண்ற மெஷின்ல ஸ்வீப் டைம், அதாவது ஸ்பானை ஒரு தடவை முழுசா ஓடி முடிக்கற நேரம், சுமாரா 2.5 பெருக்கல் ஸ்பான், வகுத்தல் ஆர்பிடபிள்யூவோட வர்க்கம். ஸ்பான் 10 மெகாஹெர்ட்ஸ், ஆர்பிடபிள்யூ 10 கிலோஹெர்ட்ஸ்னா கால் செகண்ட். அதையே 1 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினா 25 செகண்ட், நூறு மடங்கு. பொறுமை இல்லாம ஸ்வீப் டைமை கையால குறைச்சீங்கன்னா, ஏற்காடு ரோட்ல இருபது கொண்டை ஊசி வளைவையும் டாப் கியர்ல எடுக்கற கதைதான். ஃபில்டர் முழுசா எழும்பறதுக்குள்ள மெஷின் தாண்டிப் போயிடும், பீக் குட்டையாகும், அகலமாகும், நிஜ ஃப்ரீக்வென்சியை விட்டு கொஞ்சம் வலது பக்கம் நகந்தும் நிக்கும். பல மெஷின்ல அப்போ அன்கேல்னு (அளவு சரியில்லைன்னு அர்த்தம்) ஒரு எழுத்து வரும், அது வந்தா ரீடிங் எழுதாதீங்க. ஸ்வீப் டைமை ஆட்டோல விட்டுட்டு ஸ்பானைக் குறைக்கறதுதான் என் வழி. எஃப்எஃப்டி (ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சியைக் கணக்குப் போட்டு எடுக்கற முறை) பண்ற புது மெஷின்ல இந்தக் காத்திருப்பு நிறைய குறையும்.

விபிடபிள்யூ, அதாவது வீடியோ பேண்ட்விட்த், வேற சமாச்சாரம். அது சிக்னலோட உயரத்தை எடுக்கற என்வலப் டிடெக்டருக்கு அப்புறம் வருது, கோடு ஆடறதை அடக்கும், அவ்வளவுதான், சராசரி நாய்ஸை இறக்காது. நாய்ஸ்ல முங்கின கேரியரைத் தேடறப்போ விபிடபிள்யூவை ஆர்பிடபிள்யூவுல பத்துல ஒண்ணா வைங்க, ஸ்வீப் அதுக்கேத்த மாதிரி இழுக்கும். பல்ஸ், ரிமோட் கீ மாதிரி விட்டு விட்டு வர்ற சிக்னலுக்கு நேர்மாறு, விபிடபிள்யூ ஆர்பிடபிள்யூவை விட மூணு மடங்கு பெருசா, டிடெக்டர் செட்டிங் பீக்ல, ட்ரேஸ் மேக்ஸ் ஹோல்டுல (வந்ததுலயே அதிக உயரத்தைப் பிடிச்சு வெக்கறது). நாய்ஸ் பவர் அளக்கணும்னா பீக் வேண்டாம், டிடெக்டரை ஆர்எம்எஸ்ல (பவரோட சராசரி) வைங்க.

மலை மேல போனா இன்னொரு கூத்து இருக்கு. ஏற்காட்டுல லேடீஸ் சீட் பக்கம் நின்னா சேலம் டவுன் முழுக்க கண்ணு முன்னாடி தெரியும், டவுன்ல இருக்கற டவர் எல்லாத்துக்கும் உங்க ஆன்டெனாவும் அதே மாதிரி நேராத் தெரியும். எஃப்எம், செல்போன்னு எல்லாம் ஒண்ணா உள்ள நுழைஞ்சு மிக்சரை (உள்ள ஃப்ரீக்வென்சியை மாத்தற பகுதி) நிரப்பிடும், இல்லாத சிக்னல் எல்லாம் ஸ்க்ரீன்ல முளைக்கும். 145 மெகாஹெர்ட்ஸ் ஹேண்டியோட ஹார்மோனிக்கை (ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சியில வர்ற துணை சிக்னல்) 290ல பாக்கறப்பவும் இதே சந்தேகம் வரணும். சோதனை சுலபம்: மெஷினோட உள் அட்டெனுவேட்டரை 10 டிபி ஏத்துங்க. நிஜ சிக்னல் அதே உயரத்துல நிக்கும், நாய்ஸ் ஃப்ளோர் மட்டும் 10 டிபி ஏறும். பீக் இறங்கினா அது மெஷினே உள்ள தயாரிச்சது, இறங்கறது நிக்கற வரைக்கும் அட்டெனுவேஷனை ஏத்திட்டே போங்க. அதுக்கப்புறம் நாய்ஸ் தொந்தரவு பண்ணுச்சுன்னா ஆர்பிடபிள்யூவைக் குறைங்க, இல்லன்னா 88லருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தடுக்கற எஃப்எம் நாட்ச் ஃபில்டர் ஒண்ணை இன்புட்டுக்கு முன்னாடி மாட்டிக்கோங்க.