ஊர் சுத்தப் போன இடத்துல டிரெஸ் எடுக்கிறது எப்படி: 50 தாண்டினவங்களுக்கு ஒரு செய்முறை

பெரிய சிட்டிக்கு நாலஞ்சு நாள் போறோம், எங்க திரும்பினாலும் துணிக்கடை, கை சும்மா இருக்குமா? ஆனா நம்ம வயசுக்கு எடுக்கப் போனா ரெண்டுல ஒண்ணு ஆகுது. தொளதொளன்னு சாக்கு மாதிரி ஒண்ண எடுத்துட்டு வர்றோம், இல்லேன்னா வீட்டு சின்னப் பொண்ணோடத மாத்திப் போட்டுட்டு வந்த மாதிரி ஆயிடுது. ரெண்டும் எனக்கு நடந்திருக்கு.

உள்ளூர்ல எடுத்தா பிடிக்கலேன்னா மறுநாள் போய் மாத்திக்கலாம், வெளியூர்ல அது நடக்காது. அதனால கடைய விட்டு வெளிய வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துடணும், அதுக்குத்தான் கீழ சொல்ற எல்லாமே. முதல் தடவை பண்றவங்க இதே வரிசையில போங்க.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல

பீரோவத் திறந்து உங்களுக்கு கச்சிதமா இருக்கிற ஒரு டாப், ஒரு பேண்ட் எடுங்க. எது போட்டா நாலு பேர் "நல்லா இருக்கே"ன்னு சொன்னாங்களோ அது. கட்டில்ல விரிச்சு வச்சு இஞ்ச் டேப்பால அளங்க. டாப்புக்கு ஒரு தோள் தையல்ல இருந்து மறு தோள் தையல், ஒரு அக்குள்ல இருந்து மறு அக்குள், மொத்த நீளம், கை நீளம். பேண்டுக்கு இடுப்பு, தொடை, கவுட்டியில இருந்து கீழ வரைக்கும் நீளம், அப்புறம் இடுப்புப் பட்டியில இருந்து கவுட்டி வரைக்கும் முன்பக்கம் எவ்வளவுன்னு. எல்லாத்தையும் போன்ல எழுதிக்கோங்க. இப்படி எழுதி வச்சாதான் ட்ரையல் ரூமே இல்லாத ரோட்டுக் கடையிலயும் தைரியமா எடுக்கலாம், துணிய விரிச்சு அளந்து பாத்தா முடிஞ்சுது. டேப் மறந்துட்டீங்களா, உங்க சாண் எத்தனை சென்டிமீட்டர்னு முன்னாடியே அளந்து வச்சிருந்தா கையே டேப்.

சைஸ் நம்பர வச்சு எடுக்கக் கூடாதான்னா, கூடாது. 1939, 1940 வாக்குல அமெரிக்காவுல கிட்டத்தட்ட 15,000 பொம்பளைங்கள ஆளுக்கு 59 அளவு எடுத்து ஒரு பெரிய கணக்கெடுப்பு பண்ணாங்க, அத வச்சு 1958-ல ரெடிமேடுக்கு ஒரு சைஸ் அட்டவணை வந்துச்சு. கம்பெனிங்க அத கட்டாயம் பின்பத்தணும்னு எதுவும் இல்ல, 1983-ல அதையும் விலக்கிட்டாங்க, இப்போ ஒவ்வொரு கம்பெனியும் அதது இஷ்டத்துக்கு நம்பர் போடுது. போதாததுக்கு பிரிட்டிஷ் 14-ன்னா அமெரிக்கன் 10. ஒரே கடையில ரெண்டு ரேக்குக்கே வித்தியாசம் வரும். அதனால "ஐயோ நான் எக்ஸ்எல் ஆயிட்டேனா"ன்னு ட்ரையல் ரூம்ல உக்காந்து வருத்தப்படாதீங்க, அந்த நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்ல, வாங்கி வீட்டுக்கு வந்ததும் வேணும்னா லேபிள வெட்டிப் போட்டுடுங்க (துவைக்கிற லேபிள மட்டும் வச்சுக்கோங்க).

இன்னொண்ணு, உங்ககிட்ட இருக்கிற பேண்டுக்கு மேட்சா டாப் தேடுறீங்கன்னா போட்டோவ நம்பாதீங்க, போன்ல கலர் மாறித்தான் தெரியும். கால் நீளம் குறைச்சப்போ வெட்டின துணித்துண்டு இருந்தா பர்ஸ்ல போட்டுக்கோங்க, இல்லேன்னா அந்த பேண்டயே போட்டுட்டு கடைக்குப் போங்க.

ஸ்டெப் 2: எந்த நாள், எந்த நேரம்

எல்லாரும் கடைசி நாள்தான் ஷாப்பிங் வைக்கிறாங்க, அதான் தப்பு. ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ வைங்க, ஏன்னு கடைசியில சொல்றேன். வார நாள் காலையில கடை திறந்து கொஞ்ச நேரத்துல போனா ட்ரையல் ரூம் காலியா இருக்கும், கடைப்பொண்ணுங்களுக்கும் நம்ம கூட பேச நேரம் இருக்கும். சனி ஞாயிறு சாயங்காலம் போனா கூட்டத்துல நிக்கிற அலுப்புல "ஏதோ ஒண்ணு, எடுத்துட்டு போவோம்"னு எடுத்துடுவோம்.

சாப்பிட்டுட்டு போங்க. ஈசியா கழட்டி மாட்டுற செருப்பு, மேல கீழன்னு தனித்தனியா இருக்கிற டிரெஸ், வழக்கமா போடுற உள்ளாடை (இது மாறினா டாப்போட ஃபிட்டிங்கே மாறிடும்), குறுக்கால போடுற பை. படிக்கிற கண்ணாடிய மறக்கவே மறக்காதீங்க, லேபிள்ல எறும்பு சைஸ்ல எழுதியிருப்பாங்க. மறந்துட்டா போன் கேமராவ ஜூம் பண்ணி படிக்கலாம்.

ஸ்டெப் 3: எந்த மாதிரி கடை

ஒரு நாளைக்கு ஒரு ஏரியா போதும், ஊரோட நாலு மூலைக்கும் ஓடினா காலுதான் வீங்கும். பெரிய செயின் கடையில சீசன் முடியுற சமயத்துல நல்ல தள்ளுபடி இருக்கும், அப்போ அந்த வருஷத்து ஃபேஷன எடுக்காம பிளெயின் பேண்ட், நல்ல ஜாக்கெட், ஷால் மாதிரி எந்த வருஷமும் போடக்கூடியத எடுங்க. அவுட்லெட் கடைன்னா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், அங்க தொங்குற எல்லாமே மெயின் கடையில வித்து மிஞ்சினது கிடையாது, அவுட்லெட்டுக்குன்னே கொஞ்சம் சுமாரான துணியில தனியா தைச்சு அனுப்புற பிராண்டுங்க நிறைய இருக்கு. போர்டுல இருக்கிற பேர பாத்து மயங்காம துணிய பாருங்க.

ரோட்டுக் கடையில ஷால், ஸ்கார்ஃப், காட்டன் டாப் எடுக்கலாம், பேண்ட் வேண்டாம். மொத்த வியாபார மார்க்கெட்ல நுழையுறதுக்கு முன்னாடி ஒரு பீஸ் தருவாங்களான்னு கேட்டுடுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது செகண்ட் ஹேண்ட் கடை. மூஞ்சிய சுளிக்காதீங்க! வசதியானவங்க இருக்கிற ஏரியாவுல இருக்கிற பழைய துணிக்கடையில ஒரிஜினல் உல்லன் கோட்டு, பட்டு ஸ்கார்ஃப், லினன் சட்டை எல்லாம் கிடைக்கும், புதுசுல அந்த தரத்த வாங்கணும்னா நாம யோசிப்போம். அக்குள், காலர், முழங்கை, ஜிப் இந்த நாலையும் நல்லா பாருங்க, அக்குள்ல மஞ்சள் கறை இருந்தா அது போறது ரொம்ப கஷ்டம், வச்சுட்டு வந்துடுங்க.

அப்புறம் கடையில நம்ம வயசுக்குன்னு ஒதுக்கியிருக்கிற மூலையோட நிறுத்திக்காதீங்க, அங்க போனா எல்லாமே மங்கின கலர், பெரிய பெரிய பூ. நான் ஆம்பளைங்க செக்‌ஷன்ல கூட சட்டை, கார்டிகன் எடுப்பேன், துணி கொஞ்சம் கனமா இருக்கும், பாக்கெட் நிஜ பாக்கெட்டா இருக்கும், பட்டன் மறுபக்கம் இருக்கிறத இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல.

ஸ்டெப் 4: ஹேங்கர்ல இருக்கும்போதே பாக்கிறது

விலை டேக்க பாக்கிறதுக்கு முன்னாடி துணிய பாருங்க. ஒரு கைப்பிடி கசக்கி பத்து எண்ணி விடுங்க, சுருக்கம் அப்படியே நின்னா பெட்டியில வச்சு எடுத்தாலும் அப்படித்தான் நிக்கும். லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க, உங்க விரல் பளிச்சுன்னு தெரிஞ்சா உள்ள இன்னொண்ணு போட வேண்டி வரும். கொஞ்சம் இழுத்து விடுங்க, பழையபடி சுருங்கணும். ஒரு வெள்ளை டிஷ்யூவ லேசா நனைச்சு உள்பக்கம் ஓரத்துல தேய்ச்சா சாயம் போகுமான்னு தெரிஞ்சிடும், அடர் சிகப்பு, கருநீலம்னா இத கட்டாயம் பண்ணுங்க. கோடு போட்ட துணின்னா பக்கத் தையல்ல கோடும் கோடும் சேருதான்னு பாருங்க, சேர்ந்திருந்தா தைச்சவங்க அக்கறையா தைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்து லேபிள். மெனோபாஸ் சமயத்துல திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டும் பாருங்க, அந்த நேரம் பாலியஸ்டர் போட்டிருந்தா நரகம். சாதாரண காத்துல காட்டன் தன் எடையில சுமார் 8 சதவீதம் ஈரத்த வாங்கி வச்சுக்கும், லினன் 12, விஸ்கோஸ் 13, பாலியஸ்டர் அரை சதவீதம் கூட கிடையாது, வேர்வை உடம்புலயே நிக்கும். விஸ்கோஸ் (ரேயான்னும் போட்டிருப்பாங்க) போட ஜில்லுன்னு, விழுகிற விழுகையும் அழகா இருக்கும், ஆனா ஈரமானா பாதி பலம் போயிடும், முறுக்கிப் பிழியக் கூடாது, சுருங்கவும் செய்யும், அதனால நீளம் கொஞ்சம் தாராளமாவே எடுங்க. பேண்ட்ல 2, 3 சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடுற நூல்) இருந்தா உக்கார எந்திரிக்க சுகமா இருக்கும், ரொம்ப அதிகமா இருந்தா ஒட்டிப் பிடிச்சு எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும். துவைக்கிற குறியில தண்ணித் தொட்டி மேல பெருக்கல் குறி போட்டிருந்தா தண்ணியில போடக் கூடாது, டிரை கிளீனிங்தான், ஒவ்வொரு தடவையும் ஆகுற அந்த செலவையும் விலையோட கூட்டிப் பாருங்க.

ஸ்டெப் 5: ட்ரையல் ரூம்

இங்க அவசரமே படாதீங்க. ஒரே டிசைன்ல பக்கத்து பக்கத்து சைஸ் ரெண்டு எடுத்துட்டுப் போங்க.

முதல்ல தோள். தோள் தையல் தோள்பட்டை எலும்போட ஓரத்துல நிக்கணும், கீழ இறங்கி வழிஞ்சா உடம்பே தொங்கின மாதிரி தெரியும் (வேணும்னே இறக்கித் தைச்ச டிசைன்னா அது வேற). தோள் சரியா இருந்தா மத்தத டெய்லர் பாத்துப்பார், தோள் சரியில்லேன்னா கழட்டி வச்சுடுங்க, அத சரி பண்ணணும்னா கைய மொத்தமா பிரிக்கணும், கூலி துணி விலைய தாண்டிடும்.

அடுத்து மார்பு டார்ட், அதாவது மார்பு வளைவுக்கு ஏத்த மாதிரி துணிய கூம்பா மடிச்சுப் பிடிச்சிருக்கிற தையல். வயசாக ஆக மார்பு கொஞ்சம் இறங்கும், ரெடிமேட்ல டார்ட் பெரும்பாலும் இளவயசு உடம்புக்குத்தான் வச்சிருப்பாங்க, அதனால டார்ட் முனை மேல நின்னுட்டு கீழ துணி உப்பித் தெரியும். டார்ட் முனை மார்போட உச்சிய நோக்கிப் போய் ரெண்டு மூணு சென்டிமீட்டர் முன்னாடியே நிக்கணும். நிக்கலேன்னா டார்ட்டே இல்லாத, துணி தானா விழுகிற மாதிரி தைச்சத தேடுங்க. குறுக்கால கோடு கோடா இழுத்தா டைட்டு, நெடுக்க மடிப்பு மடிப்பா விழுந்தா லூசு, அதுக்குத்தான் ரெண்டு சைஸ் எடுக்கச் சொன்னேன்.

போட்டுட்டு சிலை மாதிரி நிக்காதீங்க. கைய மேல தூக்குங்க, பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி. ரெண்டு கையையும் முன்னாடி கட்டிப் பாருங்க, முதுகு பிடிக்குதா? குனிஞ்சு செருப்பு மாட்டிப் பாருங்க, ஸ்டூல்ல உக்காருங்க. பேண்ட் வாங்குறவங்க உக்காராம வாங்கவே கூடாது, நிக்கும்போது கச்சிதமா இருந்தது உக்காந்ததும் வயித்த அறுக்கும், இல்லேன்னா பின்னாடி இடுப்புல கை நுழையுற அளவுக்கு திறந்துக்கும். அதையும் நேரா உக்காந்து பாக்காம வீட்டுல உக்கார்ற மாதிரி பாருங்க. நான் வயித்த உள்ள இழுத்துட்டு உக்காந்து பாத்து ஒரு பேண்ட் எடுத்தேன், அது இன்னும் டேக்கோட இருக்கு.

டாப் நீளம் எங்க முடியுதோ பாக்கிறவங்க கண்ணு அங்கதான் நிக்கும். இடுப்போட அகலமான இடத்துல முடியுறத விட கொஞ்சம் மேலயோ கீழயோ முடியட்டும். மேல்கை பத்தி கவலைன்னா முழங்கைய தாண்டி நிக்கிற முக்கால் கை அழகா இருக்கும், ஆனா வெயில்ல ஸ்லீவ்லெஸ் போட ஆசையா இருந்தா தாராளமா போடுங்க, யார் என்ன சொல்லப் போறா?

கலர் விஷயத்துல முடி நரைச்சா கணக்கு மாறும். கருப்பு முடியோட எடுப்பா இருந்த சில கலர் நரைச்ச முடியோட முகத்த வெளிற வச்சுடும், இத்தனை வருஷம் நாம தொடாத கலர் திடீர்னு பொருந்தும். தாடைக்குக் கீழ ஒண்ணு மாத்தி ஒண்ணு பிடிச்சுப் பாருங்க, முகம் எதுல தெளிவா இருக்கோ அது. கருப்பு ஒல்லியா காட்டும்னு எல்லாமே கருப்பா எடுக்கிறவங்க முகத்துகிட்ட ஒரு கலர் ஸ்கார்ஃபாவது போடுங்க. கடை லைட்ட மட்டும் நம்பாதீங்க, ஒரு தடவை மெரூன்னு எடுத்த டாப் வெளிய வந்து பாத்தா செங்கல் கலர், அது "மாத்தித் தர முடியாது" ரேக்ல எடுத்தது வேற. கடைப்பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாசல் வெளிச்சத்துலயோ ஜன்னலோரமோ கொண்டு போய் பாருங்க, கேட்டா விடுவாங்க. நின்னு ஒரு போட்டோ, உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கண்ணாடிய விட போட்டோ நேர்மையா இருக்கும்.

ஸ்டெப் 6: எடுக்கலாமா, வேண்டாமா

ரெண்டே கேள்வி. வீட்டுல இருக்கிற எந்த மூணு துணியோட இத போடுவேன்? மூணு சொல்ல முடியலேன்னா வேண்டாம். எத்தனை தடவை போடுவேன்? வாரம் ஒரு தடவை ரெண்டு வருஷம் போடுற பேண்ட் நாலு மடங்கு விலைன்னாலும், ஒரே ஒரு கல்யாணத்துக்கு போட்டுட்டு மடிச்சு வைக்கிற டிரெஸ்ஸ விட அதுதான் மலிவு. ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னா அந்த ஒண்ணு தேவையான்னு மட்டும் பாருங்க.

ஆல்டரேஷனுக்கு நீளம் குறைக்கிறது, பக்கத்துல பிடிக்கிறது, கை நீளம் குறைக்கிறது எல்லாம் சுலபம், ஊருக்கு வந்து நம்ம டெய்லர்கிட்டயே கொடுக்கலாம். லூஸ் பண்றதுக்கு உள்ள துணி விட்டிருக்கணும், ரெடிமேட்ல அனேகமா விட்டிருக்க மாட்டாங்க.

ஸ்டெப் 7: பில்லும் பெட்டியும்

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க: எத்தனை நாளுக்குள்ள மாத்தலாம், வேற பிராஞ்ச்ல மாத்தலாமா, காசு திரும்ப வருமா இல்ல கூப்பன்தானா. பில்ல போட்டோ எடுத்துக்கோங்க, நிறைய கடையில தர்ற பில் பேப்பர்ல எழுத்து கொஞ்ச நாள்ல மங்கிடும். வெளிநாட்டுல கார்டு தேய்க்கிறப்போ மெஷின் "உங்க நாட்டு காசுலயா, இந்த நாட்டு காசுலயா"ன்னு கேட்டா அந்த நாட்டு காசயே அழுத்துங்க, நம்ம காசுக்கு மாத்தித் தர்றேன்னு சொல்றது பெரும்பாலும் மட்டமான ரேட்டுலதான். டூரிஸ்டுக்கு வரி திருப்பித் தர்ற நாடுன்னா பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், ஃபார்ம கடையிலயே வாங்கிடுங்க. ஏர்போர்ட்ல துணியக் காட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க, அதனால அங்க அத முடிக்கிற வரைக்கும் வாங்கினத பெட்டிக்கு அடியில புதைக்காதீங்க.

ரூமுக்கு வந்ததும் கால நீட்டி கொஞ்சம் படுத்துட்டு, டேக் எதையும் கிழிக்காம எல்லாத்தையும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, கொண்டு வந்த செருப்போட, கொண்டு வந்த பேண்டோட. காலையில வரைக்கும் நாற்காலியில தொங்கட்டும், விடிஞ்சதும் ஜன்னல் வெளிச்சத்துல ஒரு பார்வை. மனசு ஒட்டாதத பில்லோட தனியா ஒரு பையில போட்டு கடை திறக்கிற நேரத்துக்கு கிளம்புங்க. கடைசி நாள் ஷாப்பிங் வேண்டாம்னு சொன்னது இந்த ஒரு காலைக்காகத்தான்.