கேட்வே தாண்டியும் செய்தி பத்திரமாகப் போக

ராயபுரத்து சரக்கு ஏஜென்ட் ஆபீஸிலிருந்து கன்டெய்னர் விவரம் வெப் சர்வீஸில் போகிறது, நடுவில் செய்தியை வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்தும் ஒரு கேட்வே என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாரும் படிக்காதபடி இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் போட்டாச்சே, போதாதா? போதாது. அது பெரும்பாலும் கேட்வேயிலேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு செய்தி திறந்து கிடக்கும். செய்திக்குள்ளேயே டிஜிட்டல் கையெழுத்தும் மறையாக்கமும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) வைத்துப் பூட்டு போடத்தான் 2004இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு தரநிலையாக்கிய டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி.

முதலில், கேட்வே செய்தியின் பாடியை, அதாவது உள்ளடக்கப் பகுதியை, தொடுகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு இடைவெளி கூடினாலும் கையெழுத்து செல்லாது. தொட்டே ஆக வேண்டுமென்றால், வந்த கையெழுத்தை அங்கேயே சரிபார்த்து, மாற்றியபின் கேட்வேயின் சாவியால் புதிதாகக் கையெழுத்திட வையுங்கள்.

கையெழுத்து உங்கள் தனிச் சாவியால், மறையாக்கம் பெறுபவரின் பொதுச் சாவியால். செய்தி உருவான நேரத்தைச் சொல்லும் டைம்ஸ்டாம்பையும் சேர்த்தே கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் பழைய செய்திக்குப் புது நேரம் போட்டு யாரும் மறுபடி அனுப்பிவிடலாம்.

அப்புறம் கடிகாரம். தண்டையார்பேட்டையில் ஒருநாள் காலை முழுக்க சான்றிதழைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் பார்த்தால் அனுப்பும் சர்வர் 7 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, செய்தியின் செல்லுபடி நேரமோ 300 நொடி, அதனால் வந்து சேரும்போதே அது காலாவதி. சர்வர் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்டிபியை முதலிலேயே சரி செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கையெழுத்திட்ட செய்தியில் கன்டெய்னர் எண்ணின் ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள். அந்தப் பக்கம் அதை ஏற்றுக்கொண்டால், சரிபார்ப்பு இன்னும் ஓடவில்லை.