கடைசிக் கண்மாயிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

வெளிநாட்டு நிதியில் கண்மாய் சீரமைக்கத் திட்டம் எழுத உட்காரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, ‘ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை’ (நீரையும் அதைப் பயன்படுத்துகிற எல்லோரையும் சேர்த்தே திட்டமிடுவது) என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்றுதான். நீர் பற்றிய 1992 டப்ளின் கோட்பாடுகள், ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 6.5 எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். மீதிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அந்தத் தொடரில் கடைசிக் கண்மாயில் தொடங்கி மேலே நடங்கள். மேல்கண்மாய்க்காரருக்குக் குறையே இருக்காது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கீழே இருப்பவர்தான் எந்த வருடம் யார் கலுங்கின் மேல் நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு நடுவே மண்மூட்டை அடுக்கினார்கள் என்று மாதத்தோடு சொல்வார்.

கிராம வரைபட நகல், டேப், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), இவை போதும். கோடையில் ஒரு நடை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. கோடையில் உள்வாயில், அதாவது கண்மாயின் உள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பில், வண்டலும் சீமைக்கருவேலமும் தெரியும். மழையில்தான் வரத்துக்கால்வாயில் தண்ணீர் எங்கே முட்டி நிற்கிறது என்று தெரியும்.

அப்புறம் கணக்கு. நீர்ப்பரப்பை அதிகபட்ச ஆழத்தால் பெருக்கி, அதை 0.4ஆல் பெருக்குங்கள், தோராயக் கொள்ளளவு வந்துவிடும். 20 ஹெக்டேர் பரப்பு, 2 மீட்டர் ஆழம் என்றால் 1,60,000 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 12,000 கன மீட்டர் என்று வைத்தால், ஒரு நிறைவில் விளைவது 13 ஹெக்டேர்தான். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், 60 ஹெக்டேர் என்று பதிவேடு சொன்னால், மிச்சம் மழையிலும் மறுநிறைவிலும் கிணற்றிலும் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் கிணறுகளை எண்ணாமல் திட்டம் எழுதாதீர்கள். ஆவியும் கசிவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது? நீர்பாய்ச்சியிடம் முதலில். மடை திறப்பவர் அவர். மீன் குத்தகை எடுத்தவரிடம் தனியாகப் பேசுங்கள்; கடைசி மடை விவசாயி தண்ணீரைத் திறக்கச் சொல்லும் அதே வாரத்தில் இவர் நிறுத்தச் சொல்வார். பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து போய்விடுவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் கரைக்கு நீங்களே போங்கள். எந்த மடை அருகில் கசிகிறது, எந்தக் கிணறு எப்போது உப்பாகிறது என்று மண்வெட்டியைத் தரையில் ஊன்றியபடி சொல்வார்கள்.

அலுவலகமும் தொடரைத் துண்டு போடும். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இரண்டு மேசையிலும் கையெழுத்து வேண்டும். உலக வங்கிக் கடனில் 2007இல் தொடங்கிய ஐயம்வார்ம் (IAMWARM) என்ற தமிழகப் பாசனச் சீரமைப்புத் திட்டம் ஊரை விட்டுவிட்டு 63 உபவடிநிலங்களை (ஆற்றுப் படுகையின் உட்பிரிவுகளை) அலகாக எடுத்தது. அந்த ஒன்றை மட்டுமாவது காப்பியடிக்கலாம்.

நான் எழுதிய முதல் திட்டத்தில் கலுங்கை ஒரு அடி உயர்த்தச் சொல்லியிருந்தேன். அதிகத் தண்ணீர் நிற்குமே என்ற ஆசை. கார்த்திகையில் மேலே உள்வாயை ஒட்டிய பட்டா நிலம் மூழ்கியது. கீழ்க்கண்மாய் காய்ந்து கிடந்தது. ஒரு ராத்திரியில் யாரோ கடப்பாரை போட்டுவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் புதுச் சிமெண்ட் துண்டு துண்டாகக் கிடந்தது. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. உடைத்தவர் அளவெடுத்து உடைத்திருந்தார், சரியாக ஒரு அடி.

அதற்கப்புறம் எந்தத் திட்டத்திலும் கலுங்கைத் தொடுமுன் மேல் ஊர், கீழ் ஊர் இரண்டிலிருந்தும் ஆட்களை ஒரே நாளில் அங்கே வரவழைப்பேன். லெவல் டியூபை ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். ஒத்துக்கொண்ட உயரத்தைக் குத்துக்கல்லில் உளியால் வெட்டச் சொல்வேன். பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காது. கல் தச்சர் கூலியை வரவு செலவில் தனி வரியாகவே போடுங்கள், இல்லையென்றால் தணிக்கையில் கேள்வி வரும்.