ஃபென்வே பார்க்கில் தூணுக்குப் பின்னால் உட்காராமல் இருக்க

பாஸ்டனின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானமான ஃபென்வே பார்க் 1912-இல் திறந்தது. டிக்கெட் மலிவாக வேண்டுமா? ஏப்ரல் மாதம், வார நாள், சுமாரான எதிரணி. பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணி வரும் நாளை மறந்துவிடுங்கள். குளிருக்கு ஜாக்கெட் இரண்டாகவே எடுத்துப் போங்கள். மறுவிற்பனை டிக்கெட் என்றால் ஆட்டத்தன்று வரை பொறுத்தால் பெரும்பாலும் விலை இறங்கும். கூட்டம் அள்ளும் ஆட்டத்துக்கு இந்தத் துணிச்சல் வேண்டாம்.

இடம்தான் முக்கியம். கிராண்ட்ஸ்டாண்ட் என்ற கூரை போட்ட பகுதியில் கூரையைத் தாங்கும் தூண்கள் உண்டு. முதல் தடவை நான் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டேன். பந்து வீசுபவர் தெரிந்தார், மட்டை பிடித்தவர் தூணுக்குள் போய்விட்டார்! மூன்று மணி நேரம் கழுத்தை நீட்டி நீட்டியே பார்த்தேன். ‘பார்வை மறைக்கும்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வலது மூலை கிராண்ட்ஸ்டாண்டில் தூண் தொல்லை இல்லாவிட்டாலும் நாற்காலி நடு மைதானத்தைப் பார்த்திருக்கும். கழுத்து அங்கேயும் தப்பாது.

என் ஓட்டு பிளீச்சர்ஸுக்கு, அதாவது மைதானத்தின் பின்கோடியில் உள்ள கூரையில்லாத இருக்கைகளுக்கு. தூரம்தான், ஆனால் மறைப்பில்லை. பகல் ஆட்டமானால் தொப்பி அவசியம். அங்கே 42-ஆம் பிரிவு, 37-ஆம் வரிசையில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி: 1946-இல் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் 502 அடி தூரம் அடித்த ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிப் பறக்கும் பந்து) விழுந்த இடம். அங்கிருந்து மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்த்தால் ஆள் எறும்பு மாதிரிதான் தெரிவார்.