குவாண்டம் பின்னலும் ஒளியை முந்தும் சேதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவர்கள், குவாண்டம் பின்னல் (entanglement), அதாவது எவ்வளவு தூரம் பிரிந்தாலும் இரு துகள்களின் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது, பற்றிக் கேள்விப்பட்டதும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள்: பின்னிய இரு ஒளித்துகள்களில் ஒன்றை அளந்த கணமே மற்றதன் நிலை முடிவாகிவிடும் என்றால், அதைக் கொண்டே ஒளியைவிட வேகமாகச் சேதி அனுப்பலாமே? அனுப்ப முடியாது, அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்வதில்தான் தவறுகள் நேர்கின்றன.

அளப்பவர் தனக்கு வேண்டிய விடையை வரவழைக்கலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. பின்னிய ஜோடி ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு ஒளித்துகள் வர, ராயபுரத்தில் ஒருவரும் எண்ணூரில் ஒருவரும் ஆளுக்கொரு போலராய்டு தகட்டை (திருப்பிய கோணத்துக்கு ஏற்ப ஒளியைக் கடக்கவிடும் அல்லது தடுக்கும் வடிகட்டியை) வைத்துக்கொண்டு, ஒளித்துகள் கடந்தால் 1 என்றும் தடைபட்டால் 0 என்றும் நோட்டில் குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணூரில் இருப்பவர் தகட்டின் கோணத்தைத் திருப்பலாமே தவிர, 1 விழ வேண்டும் என்று கட்டளையிட முடியாது. அவர் தகட்டை எப்படித் திருப்பினாலும், அளக்காமலே விட்டாலும், ராயபுரத்து நோட்டில் 1-ம் 0-வும் ஒழுங்கின்றிப் பாதிக்குப் பாதியாகவே விழும். இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால்தான், தகடுகள் ஒரே கோணத்தில் இருந்த வரிகள் முழுவதும் ஒத்துப்போவதும், 30 பாகை விலகியிருந்தவை 75 சதவீதம் ஒத்துப்போவதும் தெரியவரும். அந்த நோட்டு பஸ்ஸில் வந்தாலும் செல்போனில் படமாக வந்தாலும் ஒளியை முந்தி வராது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்பியதைப் போல, விடைகள் முன்பே துகள்களுக்குள் எழுதப்பட்டிருந்தன என்று முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் 30 பாகைக்கு 25 சதவீதம் முரண்படுபவை, 60 பாகைக்கு, அதாவது இரண்டு 30 பாகைகளுக்கு, அதிகம் போனால் 25-ம் 25-ம் சேர்ந்த 50 சதவீதம்தான் முரண்பட முடியும். குவாண்டம் கணக்கோ 75 சதவீதம் என்கிறது. இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் இந்த வகை வேறுபாட்டைத்தான் சோதித்துப் பார்க்கத்தக்க சமனிலியாக (ஓர் அளவு இந்த வரம்பைத் தாண்டாது என்று சொல்லும் கணிதக் கூற்றாக) வடித்தார். கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகிய இயற்பியலாளர்களின் சோதனைகள் குவாண்டம் பக்கமே நின்றன. 2022-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எளிமைக்காகச் செருப்புக் கதையோடு பாடத்தை நிறுத்திவிடுவது, பின்னலின் உயிரையே விட்டுவிடுவதாகும்.

மூன்றாவது தவறு நுட்பமானது, மதிக்கத்தக்கதும்கூட. ராயபுரத்துக்கு வந்த ஒளித்துகளை ஆயிரம் நகல்களாக்கினால், எண்ணூரில் எந்தக் கோணத்தில் அளந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் முன்வைத்த இத்தகைய ஒரு திட்டத்தில் பிழை எங்கே என்று தேடியபோதுதான், அறியாத குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்ற தேற்றத்தை 1982-இல் வூட்டர்ஸும் சூரெக்கும், தனியாக டீக்ஸும் நிறுவினார்கள்.

குவாண்டம் டெலிபோர்ட்டேஷன் என்ற பெயரைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம். 1993-இல் முன்மொழியப்பட்ட, பின்னிய ஜோடியைப் பயன்படுத்தும் அந்த முறையில், ஒரு குவாண்டம் பிட்டின் (0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கக்கூடிய குவாண்டம் தகவல் அலகின்) நிலையை மறுமுனையில் மீட்க, இரண்டு சாதாரண பிட்டுகள் (0 அல்லது 1) வழக்கமான வழியில் வந்து சேர வேண்டும். அதுவரை அங்குள்ள துகளிலிருந்து எதையும் படிக்க முடியாது.