புது எஸ்யூவி: எதை இப்போதே கேட்க வேண்டும், எதை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்

எஸ்யூவி வாங்குகிறவர்கள் அடிக்கடி போடும் கணக்கு இது. டாப் மாடல் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு படி இறங்கி அடுத்த வேரியன்ட்டை எடுப்பார்கள். அப்படி மிச்சம் பிடித்த பணத்தில் பாதி, ஆக்சஸரி பட்டியலைப் பார்த்ததும் கரைந்துவிடும். கணக்குப் பார்த்தால், கைவிட்டுப் போனது பக்கவாட்டு ஏர்பேக்காக இருக்கும். பதிலுக்கு வந்தது குரோம் பட்டையும், கதவைத் திறந்தால் ஒளிரும் படித்தகடும். குரோம் பட்டையை அடுத்த வருடம்கூட ஒட்டிக்கொள்ளலாம். ஏர்பேக்கை அப்புறம் முறையாகப் பொருத்தித் தர எந்த ஒர்க்ஷாப்பாலும் முடியாது.

அதனால் பட்டியலில் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதைப் பின்னால் மாட்ட முடியுமா? ஏர்பேக், நான்கு சக்கர டிரைவ், சன்ரூஃப், தானாகப் பிரேக் பிடிக்கும் கேமரா-ரேடார் அமைப்பு இவையெல்லாம் தொழிற்சாலையிலிருந்தே வர வேண்டியவை. மேட், சீட் கவர், டேஷ்கேம், ரூஃப் பாக்ஸ் எல்லாம் எப்போது கேட்டாலும் கிடைக்கும். பணம் இழுத்துப் பிடித்தால் இரண்டாவது வகையைத் தள்ளிப்போடுங்கள். (சன்ரூஃப் முதல் வகையில் இருப்பதால் அது அவசியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை கூடும், சில கார்களில் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும்.)

கண்காட்சிக்கு நிற்கும் வண்டியை நம்புவது

ஷோரூமில் பளபளவென்று நிற்பது பெரும்பாலும் டாப் வேரியன்ட். அதன்மேல் ஆக்சஸரியும் ஏற்றியிருப்பார்கள். பிரோஷர் படமும் அப்படித்தான். கீழே பொடி எழுத்தில், படத்தில் உள்ள சில பொருட்கள் காரோடு வராது என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டுக்கான பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதுதான் வழி.

வெளிநாட்டு ரிவ்யூ வீடியோக்களிலும் இதே பொறி உண்டு. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்பனையாகும் புதுக் கார்களுக்குத் தானியங்கி அவசரப் பிரேக் கட்டாயம். அங்கே ஸ்டாண்டர்டாக வருவது, அதே பெயரில் இன்னொரு நாட்டில் விற்கும் வண்டியில் ஆப்ஷனாக இருக்கலாம், இல்லாமலேகூடப் போகலாம்.

நட்சத்திர மதிப்பீட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2016 முதல் சில கார்களுக்கு இரண்டு மதிப்பீடு தருகிறது: ஸ்டாண்டர்ட் உபகரணங்களோடு ஒன்று, கூடுதல் பாதுகாப்பு பேக் சேர்த்து இன்னொன்று. விளம்பரத்தில் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலை ஆப்ஷனையும் ஷோரூம் ஃபிட்டிங்கையும் ஒன்றாகக் கருதுவது

இரண்டுமே கூடுதல் காசுதான். ஆனால் தொழிற்சாலை ஆப்ஷன் காரோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டு, காரின் வாரன்டிக்குள்ளேயே வருவது. ஷோரூமில் மாட்டுவது கார் நிறுவனத்தின் சொந்தப் பொருளாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். அதன் வாரன்டி யாருடையது, எவ்வளவு நாள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இழுவை வசதி இதற்கு நல்ல உதாரணம். டிரெய்லர் இழுப்பதற்கான தொழிற்சாலை பேக்கில் கொக்கி மட்டும் இருப்பதில்லை. பல மாடல்களில் கியர்பாக்ஸ் சூடேறாமல் இருக்கக் கூடுதல் கூலர், டிரெய்லர் விளக்குகளுக்கான வயரிங், அதற்கேற்ற மென்பொருள் எல்லாம் சேர்ந்து வரும். கொக்கியை மட்டும் ஷோரூமில் மாட்டிக்கொண்டு, பிரோஷரில் போட்டிருக்கும் உச்ச எடையை இழுக்கலாம் என்று நம்பினால் கியர்பாக்ஸ்தான் பலியாகும்.

கூரைக் கம்பிகள்

எஸ்யூவி என்றாலே மேலே இரண்டு கம்பி வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நீளவாக்கில் ஓடும் அந்த ரெயிலில் நேரடியாகச் சாமான் கட்ட முடியாது. குறுக்கே கிராஸ் பார் போட வேண்டும். அது பெரும்பாலும் தனி ஆக்சஸரி. ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒரு வகை கிளாம்ப், இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் வேறு வகை. சில கார்களில் ரெயில் வெறும் அழகுக்குத்தான். பசையில் ஒட்டியிருக்கும், எடை தாங்காது.

தாங்கும் ரெயிலுக்கும் வரம்பு உண்டு. பல எஸ்யூவிகளில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 75 முதல் 100 கிலோதான். கிராஸ் பார், பாக்ஸ் எடையும் இதற்குள் அடக்கம். 75 கிலோ வரம்புள்ள வண்டியில் பாரும் பாக்ஸும் சேர்ந்து 25 கிலோ என்றால், உங்கள் சாமானுக்கு மிச்சம் 50 கிலோ. நான்கு பெட்டி வைத்தால் தீர்ந்தது. ஏற்கெனவே உயரமான வண்டியில் மேலே பாரம் ஏறினால் வளைவில் சாய்வும் கூடும். நிற்கும்போது தாங்கும் எடை இதைவிட அதிகம்; கார் கூரைமேல் விரித்துப் படுக்கும் கூடாரம் விற்பவர்கள் அந்தப் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள்.

சாதாரணமாகத் தெரியும் இரண்டு பொருட்கள்

சீட் கவரும் மேட்டும். பேரம் பேசினால் முதலில் இலவசமாக வருவதும் இவைதான்.

முன்சீட்டின் முதுகில், கதவு பக்கத்து ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பல கார்களில் அங்கே ஏர்பேக் என்று பொறித்த சிறு துணிப்பட்டை தைத்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அதன்மேல் கெட்டியான கவரை இறுக்கி மாட்டினால், பை விரியத் தாமதமாகலாம், திசையும் மாறலாம். அந்த இடத்தில் திறப்போ, எளிதில் பிரியும் தையலோ உள்ள, உங்கள் மாடலுக்கென்றே தைத்த கவரைக் கேளுங்கள். விற்பவருக்கு இது புரியவில்லையென்றால் கவரே வேண்டாம்.

மேட் விஷயத்தில் பாடம் இன்னும் கடுமையானது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் (டொயோட்டாவின் சொகுசு பிராண்ட்) செடான் ஒன்று வேகம் அடங்காமல் ஓடி மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் போட்டிருந்தது அதே நிறுவனத்தின் எஸ்யூவிக்கு உரிய ரப்பர் மேட். அது நகர்ந்து ஆக்சிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது. அதையடுத்து டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு மேட் தொடர்பாக ரீகால் அறிவித்தது. மேட் உங்கள் காருக்கு உரியதாக இருக்க வேண்டும், ஓட்டுநர் பக்கக் கொக்கியில் பூட்ட வேண்டும். பழைய மேட்டின்மேல் புது மேட்டை விரிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

வயரிங், கம்பு, வீல்

கூடுதல் விளக்கு, ஹாரன், பெரிய திரை எல்லாம் கேட்கிறவர்கள், எப்படி இணைக்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை. கப்ளரில் செருகி மாட்டுவது வேறு, வயரை வெட்டி டேப் சுற்றுவது வேறு. இரண்டாவதில் ஃப்யூஸ், ரிலே இல்லாமல் லோடு ஏறினால் வயர் உருகும், தீயும் பிடிக்கும். வாரன்டி தகராறும் அங்கேதான் தொடங்கும்.

முன்பக்கம் கனமான இரும்புக் கம்பு மாட்டுவதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: வேண்டாம். மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதியின் வேலையை அது மாற்றிவிடும். ஏர்பேக் சென்சாருக்குப் போகும் அதிர்வும் மாறலாம். முன்னால் உள்ள ரேடாரையும் அது மறைக்கலாம். எதிரே நடப்பவருக்கு அடி பலமாக விழும். ஃபுட் போர்டு அப்படியல்ல; வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காசுக்குத் தகுந்த பொருள். பக்கவாட்டில் தரை இடைவெளி குறையும், அவ்வளவுதான்.

பெரிய அலாய் வீல் போட்டால் டயரின் பக்கச்சுவர் மெலிந்து, குழியில் இடி அதிகமாகும். டயரின் மொத்த விட்டம் 3 சதவீதம் கூடினால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 103 ஆக இருக்கும்.

மிச்சமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயருக்கு நைட்ரஜன் என்று காசு கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தள ரஸ்ட் கோட்டிங் சொன்னால், துருவுக்குக் கார் நிறுவனம் ஏற்கெனவே தரும் வாரன்டியை முதலில் படியுங்கள். கவனமில்லாமல் அடித்தால் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடும்.

காகிதத்தில் வராதது

வாயால் ஒப்புக்கொண்ட ஆக்சஸரி டெலிவரி நாளில் வேறு பிராண்டாக மாறியிருக்கும். புக்கிங் படிவத்தில் பொருளின் பெயர், பார்ட் நம்பர், விலை, யார் மாட்டுவது என்று எழுதி வாங்குங்கள். ஆக்சஸரியைக் கார் கடனோடு சேர்த்தால், சீட் கவருக்கும் வருடக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். வெளியில் மாட்டிய விலை உயர்ந்த பொருட்களைக் காப்பீட்டில் குறிப்பிடாவிட்டால், திருடு போனபின் கேட்டுப் பயனில்லை.

டெலிவரி எடுக்கும்போது பின்கதவைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி இருக்கும் என்று நினைத்த இடத்தில் மெலிந்த தற்காலிகச் சக்கரம் இருக்கலாம். அதில் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. சக்கரமே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் இருக்கலாம்; டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. முழு ஸ்டெப்னி வேண்டுமென்றால், அதை வைக்கக் குழி இருக்கிறதா என்று புக்கிங்குக்கு முன்பே டிக்கியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.