பச்சிளம் குழந்தையோடு விளையாடுவது எப்படி: முதல் ஆறு மாதங்கள்

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பியதும் பார்க்க வருகிறவர்கள் கிலுகிலுப்பை, பொம்மை, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பது சேலத்து வீடுகளில் வழக்கம். ஆனால் முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு இவற்றுள் எதுவும் தேவைப்படுவதில்லை. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவு வரைதான். மடியில் பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவும் ஏறத்தாழ அதுவே. அந்த முகமும், வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரலும் போதும், விளையாட்டைத் தொடங்கிவிடலாம்.

நேரம் பார்த்துத் தொடங்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. குழந்தை வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டு, கண்களை அகல விழித்து, கைகால்களை அதிகம் உதறாமல் அமைதியாக இருக்கும் சிறு பொழுதே விளையாட்டுக்கு உகந்தது. முதல் வாரங்களில் அது சில நிமிடங்களே நீடிக்கும். சுவரில் சாய்ந்து அமர்ந்து, முழங்கால்களைச் சற்று உயர்த்தி, குழந்தையின் தலை முழங்கால் பக்கம் இருக்கும்படி தொடைகளின்மேல் மல்லாத்திக் கிடத்தினால் இருவர் முகமும் நேருக்கு நேர் வரும். மெதுவாக, குரலை ஏற்றி இறக்கி, இரண்டு மூன்று சொற்கள் பேசுங்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தக் காத்திருத்தலைத்தான். பச்சைக் குழந்தை பதில் தர நமக்கு ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். சில நொடிகள் கழித்து உதடு குவியும், நாக்கு வெளியே வரும், அல்லது ஒரு கால் உதைக்கும். அது செய்ததையே நீங்களும் திருப்பிச் செய்து காட்டிவிட்டு மீண்டும் காத்திருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். இரண்டாம் மாதம் முதல் 'ங்கா' என்று குரல் கொடுக்கும். அதற்கு 'ங்கா' என்றே பதில் சொல்வதும், பெயர் சொல்லி அழைப்பதும், தாலாட்டில் ஓர் அடி பாடி நிறுத்துவதும் எல்லாம் ஒரே விளையாட்டின் வகைகள்தாம்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, விரல்களை விரித்து உடலை வளைத்தாலோ போதும் என்று பொருள். அப்போது அதன் கவனத்தைத் திரும்பப் பிடிக்கக் கைதட்டிக் கூப்பிடக் கூடாது. வந்த உறவினர் ஒவ்வொருவரும் வரிசையாக வாங்கிக் கொஞ்சுவதும் இந்த வயதில் வேண்டாத சுமை. பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, குழந்தையை ஓய்வெடுக்க விடுங்கள். சிரிக்கிறது என்பதற்காக மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் பிடித்து உலுக்குவதும் கூடவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தையின் மூளைக்கு அதனால் காயம் ஏற்படலாம்.

அடுத்தது குப்புறப் படுக்கவைத்துப் பழக்குவது. தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது, நாள் முழுதும் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிடங்களாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தொடக்கத்தில் தாயோ தந்தையோ சாய்ந்து படுத்து, தம் மார்பின்மேல் குழந்தையைக் கவிழ்த்துக் கிடத்தினால் போதும். பின்னர் தரையில் பாய் விரித்து, ஒரு முறைக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் என்று தொடங்கி மெல்லக் கூட்டலாம். அதன் முகத்துக்கு எதிரே நீங்களும் குப்புறப் படுத்துப் பேசினால் தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். பால் குடித்த உடனே இதைச் செய்தால் கக்கிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தரை சில்லென்றிருக்கும் என்பதால் கெட்டியான கம்பளியை இறுக்கமாக விரித்து, பனி விலகிய பிறகு செய்யலாம். சித்திரை வெயிலில் தகிக்கும் சேலம் நகரத்தில் காலைப் பொழுதே நல்லது. இப்பயிற்சி விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது. தூங்கும்போது எப்போதும் சமதளத்தில் மல்லாத்தியே கிடத்த வேண்டும். தூளியில் குழந்தை அமைதியாக இருக்கிறதே என்று விழித்திருக்கும் நேரத்தையும் அதிலேயே கழிக்கவிடுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் உள்ளே புரளவும் இடமில்லை, பார்க்கவும் துணியைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்காம் மாதத்தை ஒட்டிக் கழுத்து நிற்கும். பிறகு கைகளை ஊன்றி மார்பையும் தூக்கும். பிள்ளைத்தமிழில் கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்துக்கும், கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்துக்கும் வைத்த முன்னோர், குழந்தைகளை உற்றுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஐந்து மாதக் குழந்தை தானே கைதட்டவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

கிலுகிலுப்பைக்கு வேலை வருவது இப்போதுதான். அதைக் கண்ணுக்கு எதிரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். பிறகு கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தி, அதுவே பிடிக்கும்வரை விடுங்கள். மரக்கரண்டி, சுத்தமான துணி, சிறிய எவர்சில்வர் தம்ளர் ஆகியவையும் நல்ல விளையாட்டுப் பொருள்களே. ஆறு மாத அளவில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றத் தொடங்கும். எல்லாமே வாய்க்குப் போகும் என்பதால், வாய்க்குள் முழுதாக நுழையும் அளவுள்ள எதையும் கொடுக்கக் கூடாது. கொலுசின் மணிகள் கழன்று விழாமல் இறுகியிருக்கின்றனவா என்று அடிக்கடி பாருங்கள். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி போன்ற இடங்களில் தறி ஓடும் வீட்டில் குழந்தை இருந்தால், நூலோ தலைமுடியோ அதன் கால்விரலில் சுற்றி இறுகியிருக்கிறதா என்று நாள்தோறும் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். காரணம் தெரியாத விடாத அழுகைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். தறிச் சத்தத்துக்கிடையே குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கணிக்க முடியாது. தறி நின்றபின், அது பார்க்காத பக்கமிருந்து அழைத்துப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் பாட்டுப் படம் காட்டுவது ஒரு வயதுவரை வேண்டவே வேண்டாம்.

இங்கே கூறிய மாதக் கணக்கு குழந்தைக்குக் குழந்தை சில வாரங்கள் முன்பின்னாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவர் குறித்திருந்த பிரசவ நாளிலிருந்து எண்ண வேண்டும். எனினும் மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமலோ, நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காமலோ, கைகள் எப்போதும் மூடியபடியோ, பெரிய ஓசைக்கும் அசையாமலோ இருந்தால், கண்மணியில் வெள்ளை தெரிந்தால், முன்பு செய்துவந்ததை நிறுத்திவிட்டால், 'அவன் அப்பாவும் இப்படித்தான்' என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் இவற்றைக் கேட்டுவிடலாம். அதற்கு முன்பே ஐயம் எழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவையோ நேரே அணுகலாம்.